சுண்டல் எங்கே என்று கேட்டவர்

முதலில் இந்தச் சுண்டலை எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டரம்மா. காலையில் அவித்தது. தேங்காய் தூக்கலாகப் போட்டிருக்கிறேன். ஆறினால் நன்றாக இருக்காது. உங்கள் அறைச் சுவர் நல்ல பால் வெள்ளை. என் கடையில் அதற்குத்தான் முதல் இடம்.

என் வீட்டுக்காரரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டபோதே நீங்கள் எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று தெரிந்துவிட்டது. சீட்டில் அழகுராஜா என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மனுஷனுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. உங்கள் அட்டையில் எல்லா நிறத்தையும் சரியாகச் சொல்கிறார். ஆனாலும் ஆபரேஷன் செய்தே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். ஏன் என்று சொல்கிறேன். ஒளித்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

சிம்மக்கல்லில் எங்கள் பெயிண்ட் கடையை நீங்கள் முன்பு பார்த்திருந்தால் என் பக்கம்தான் பேசுவீர்கள். அவர் டப்பாக்களை நிறத்தை வைத்தும் அடுக்கவில்லை, கம்பெனியை வைத்தும் அடுக்கவில்லை. ஆளை வைத்து அடுக்கினார். மாடிப்படிக்கு அடியில் இருப்பது பெயின்டர் காளை வாங்குவது. கல்லாவுக்குப் பின்னால் இருப்பது கீழக்குயில்குடிக்காரர்கள் கேட்பது. பிரைமர் வாளி மேல் சுவரில் பூசும் புட்டி மூட்டை, புட்டி மூட்டை மேல் அவருடைய சாப்பாட்டுக் கூடை. யாராவது ஒரு லிட்டர் சிவப்பு கேட்டால் பாதிக் கடையைப் பெயர்த்து எடுக்க வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அந்தப் பெருமையில் மனுஷன் மிதந்தார்.

அண்ணன் பேரனுக்கு மொட்டை எடுக்க அவர் வெளியூர் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அடுக்கினேன். கீழே பெரிய வாளிகள், இடுப்பு உயரத்தில் நாலு லிட்டர், கண்ணுக்கு நேரே சின்ன டப்பாக்கள். ஒரு பக்கம் சுவருக்கு அடிப்பது, எதிர்ப்பக்கம் கதவு ஜன்னலுக்கு அடிப்பது. வெள்ளையில் தொடங்கி, சந்தனம், மஞ்சள், காவி, சிவப்பு என்று ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு போகும். எல்லா லேபிளும் வாசலைப் பார்த்து நின்றன. முடித்துவிட்டு எதிர்க்கடை வாசலில் போய் நின்று பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அம்புட்டு அழகு.

மறுநாள் அவர் வந்து பார்த்தார். கடை நிறைய ஆட்கள். "என்ன புள்ள இது, கொலு வச்சிருக்கியா? சுண்டல் எங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காளை சிரித்த சிரிப்பில் புட்டி மூட்டை மேலேயே சாய்ந்துவிட்டான். சாயங்காலத்துக்குள் எல்லா டப்பாவும் பழையபடி ஆளுக்கு ஆள் போய்விட்டன.

நான் கோபப்படவில்லை. அந்த வாரம் அவர் மேசைக்கு மேலிருந்த டியூப் லைட்டை எடுத்துவிட்டு, மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பு ஒன்றை மாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. "கண்ணுக்கு இதமா இருக்கு தங்கம்" என்று அவரே பாராட்டினார்.

அவருடைய கண்ணுக்குச் சிம்மக்கல் முழுக்கப் பேர் உண்டு. பழைய சுவரிலிருந்து பெயர்த்த சில்லு ஒன்றைக் கையில் கொடுத்தால் போதும், ஷேடு கார்டில் அதே நிறத்தின் மேல் விரலை வைத்துவிடுவார். மஞ்சள் வெளிச்சத்தில் அந்த விரல் கொஞ்சம் தள்ளிப் போனது. மேசையில் ஒரே மாதிரி தெரிந்த சில்லும் பெயிண்டும் வெயிலுக்குப் போனதும் வேறு வேறாகிவிட்டன. பெயிண்ட் வியாபாரிக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். வருகிறவர்களிடமெல்லாம், வெயிலில் வைத்துப் பாருங்கள் என்று சொல்வதே அவர்தான். தன் கண்ணுக்கு அது தேவையில்லை என்று நினைத்தார். அதற்கு நான் என்ன செய்வேன்.

பேரையூர் அழகுபாண்டி, மகள் நிச்சயதார்த்தத்துக்காக வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார். யானைத் தந்தத்தின் நிறம் கேட்டார், இளஞ்சிவப்பு போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் உள்ளே நுழைந்ததும், இது வீடா பிரசவ வார்டா என்று கேட்டார்களாம். "எம்புட்டு நம்பி வந்தேன், இப்படிப் பண்ணிட்டீகளேண்ணே" என்று அழகுபாண்டி கடையில் நின்று கலங்கியபோது, இவர் ஆடிப்போய்விட்டார். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. நான்தான் பிசைந்து ஊட்டினேன்.

அதன் பிறகு வீட்டிலும் சந்தேகம் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து என் சேலை என்ன நிறம் என்று ஏறிட்டுப் பார்க்காத மனுஷன், தினமும் காலையில் கேட்க ஆரம்பித்தார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ஒரு நாள் பச்சைச் சேலையை நீலம் என்று சொன்னேன், சும்மா விளையாட்டுக்கு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆமா, நீலந்தான்" என்றார். பாவமாக இருந்தது. அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவைதான் அப்படிச் சொன்னேன்.

கடைசியில் கடைச்சாவியை என் கையில் வைத்து, "நீயே பாத்துக்க, எனக்கு இனிமே ஆகாது" என்றார். அன்றைக்கே அந்தப் பல்பைக் கழற்றி டியூப் லைட்டை மாட்டிவிட்டேன். சரக்கின் நிறம் கெட்டுத் தெரியக் கூடாதல்லவா. இப்போது வந்து பாருங்கள், கடை கோயில் மாதிரி இருக்கிறது. காளை செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறான்.

ஆபரேஷன் அவராகப் பிடித்த பிடிவாதம். கண் சரியானதும் கடைக்கு வந்துவிடுவாராம், சரக்கையெல்லாம் பழைய இடத்துக்கு மாற்றுவாராம். மனைவி சம்மதம் என்ற இடத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். எப்படியும் கொஞ்ச நாள் கட்டுப் போட்டுப் படுத்திருப்பார், பொங்கல் வியாபாரம் நிம்மதியாக முடியும் என்று நினைத்தேன். உடம்புக்கும் ஓய்வுதானே.

நீங்கள் சொல்வது நியாயம். நல்ல கண்ணில் கத்தி வைக்கக் கூடாது. கூப்பிடுங்கள், உங்கள் எதிரிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டிய புருஷனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு என்ன தயக்கம்.

வாங்க, பார்த்து வாங்க, இப்படி உக்காருங்க.

"தங்கம், இன்னைக்கு எல்லாம் தெளிவாத் தெரியுது. இந்தச் சுவரு வெள்ளைதான? இப்படியே இருந்தா நாளைக்கே கடைக்கு வாரேன்."

"வெள்ளையா? நல்லாப் பாருங்க."