செயலாளர் பொறுப்பில் உள்ள கடிதங்கள்

1964ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17ஆம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் பத்து மணி இருபது நிமிடத்துக்கு, போர்ட் லூயி நகரில் உள்ள எங்கள் கல்வி உபகாரச் சங்கத்தின் அலுவலகத்தில், என் மேசையின் மூன்றாம் இழுப்பறையைப் பூட்டாமல் தேநீர் போட எழுந்து சென்றேன். முப்பத்தொரு ஆண்டுகள் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியையாகவும், ஓய்வுபெற்ற பின் பதினொரு ஆண்டுகள் இச்சங்கத்தின் செயலாளராகவும் இருந்திருக்கிறேன். பூட்ட வேண்டியதைப் பூட்டாமல் எழுந்தது அதுவே முதல் முறை. அந்தக் கவனக்குறைவுக்கு வருந்துகிறேன். மற்றவற்றை வரிசைப்படி சொல்கிறேன்.

நடந்தவை குறித்து எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று சங்கத் தலைவர் அன்றே கேட்டார். மறுநாள், வேண்டாம் என்றார். கேட்கப்பட்ட விளக்கம் எழுதப்பட்டாக வேண்டும் என்பது என் கொள்கை. சங்கத்தின் ஆவணங்கள் அனைத்தும் தமிழில் இருக்க வேண்டும் என்பது நான்காம் விதி. ஆகவே தமிழில், கூட்டக் குறிப்பேட்டிலேயே எழுதுகிறேன்.

துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கல்லூரியில் படிக்க வைப்பது எங்கள் சங்கத்தின் பணி. புத்தகமும் சீருடையும் தருகிறோம். சனிக்கிழமைகளில் இளந்தலைவர் வட்டம் நடத்துகிறோம். கூட்டத்துக்குத் தலைமை வகிப்பது, தீர்மானம் முன்மொழிவது, மாற்றுக் கருத்தை மரியாதையாகச் சொல்வது ஆகியவற்றை அங்கே பழகிக்கொள்கிறார்கள். நாளை இந்த நகரத்தை நடத்தப்போகிறவர்கள் இன்று சாக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று தலைவர் ஆண்டுதோறும் மேடையில் சொல்வார். அந்த வாக்கியம் நான் எழுதிக் கொடுத்தது.

நான் பொறுப்பேற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு எங்கள் பிள்ளைகள் இருவர் மேற்படிப்புக்கு அயல்நாடு சென்றனர். இருவரும் திரும்பவில்லை. ஒருவன் மான்செஸ்டரில் பல் மருத்துவன். கிறிஸ்துமஸ் தோறும் வாழ்த்து அட்டை அனுப்புவான். மூன்று வரியில் நான்கு பிழை இருக்கும். மற்றவன் அதுகூட அனுப்புவதில்லை. தலைவர்களை உருவாக்கி மான்செஸ்டருக்கு ஏற்றுமதி செய்வதற்காக ஒரு சங்கம் நடத்துவது அறிவுடைமை ஆகாது. நகரத்துத் தலைவன் நகரத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் ஒரே கதவு இலக்கத்தின் கீழ் பன்னிரண்டு குடும்பங்கள் வாழும் முற்றங்களில் குடியிருந்தனர். அங்கே தபால்காரர் நுழைவதில்லை. அதனால் விண்ணப்பங்களில் சங்கத்தின் முகவரியையே கொடுத்தார்கள். வியாழக்கிழமை வரும் அயல்நாட்டுத் தபால் முதலில் என் கைக்கு வரும்.

எதையும் நான் மறைவாகச் செய்யவில்லை. 1954 பிப்ரவரியில் நடந்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். “மாணவர் பெயருக்கு அயல்நாட்டிலிருந்து வரும் கடிதங்கள் செயலாளர் பொறுப்பில் இருக்கும், நகரின் நலன் கருதி அவற்றை உரியவரிடம் கொடுப்பதும், கொடாமல் தாமே மறுமொழி எழுதுவதும் அவருடைய விருப்பம்.” உரக்க, நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தும் கேட்கும்படி வாசித்தேன். முப்பத்திரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். வழக்கறிஞர்கள், சுங்க அதிகாரிகள், துணிக்கடைக்காரர்கள். வீட்டில் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசுவார்கள். அலுவலகத்தில் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசுவார்கள். தமிழைக் கோயிலில் கேட்பார்கள். நான் வாசித்து முடித்ததும் சிலர் கைகூப்பினர். பின்வரிசையில் ஒரு பெரியவர் தாழ்ந்த குரலில் அரோகரா என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. தலைவர் கையெழுத்திட்டார். அந்தத் தீர்மானத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தோம். விளக்கம் கேட்டு எவரும் எழுந்ததில்லை. எழுந்தால், தமக்குத் தமிழ் புரியவில்லை என்று பக்கத்து நாற்காலிக்குத் தெரிந்துவிடும்.

பத்து ஆண்டுகளில் ஒன்பது கடிதங்கள் வந்தன. ஒன்பதும் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி. இடம் இல்லை என்று வந்தவற்றை அன்றன்றே பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். அவற்றை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இருந்ததாக நான் கருதவில்லை.

வந்த கடிதத்துக்கு மறுமொழி எழுதாமலிருப்பது ஒழுங்கீனம். எட்டுக் கடிதங்களுக்கு அந்தந்தப் பிள்ளையின் பெயரில், அவரவர் கையெழுத்தில், நன்றி கூறி, குடும்பச் சூழ்நிலையால் வர இயலவில்லை என்று எழுதி அனுப்பினேன். சீக்கிரம் எழுதினால் கல்லூரிகள் மறுபடி வற்புறுத்துகின்றன. கெடு முடியும் தறுவாயில் எழுதினால் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகின்றன. இதை அனுபவத்தில் கற்றேன்.

எல்லாரையும் ஒன்றுபோல் நடத்தினேன். தலைவரின் மகனும் அந்த ஆண்டுகளில்தான் சட்டம் படிக்கப் பாரிஸ் சென்றான். சங்கமே மாலையிட்டு வழியனுப்பியது. அவனுக்கு வந்த கடிதம் அவன் வீட்டு முகவரிக்கு வந்தது. அது என் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல.

சேர்ஜ் என்பவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொறியியலுக்கு விண்ணப்பித்தவன். அவனுக்கு 1957 ஜூன் மாதம் கடிதம் வந்தது. அவனுக்குத் தெரியாது. இன்றைக்கும் வியாழக்கிழமை தவறாமல் மூன்று மணிக்கு வந்து வாசலில் நிற்கிறான். தலை வாரி, சட்டையை முழுப்பொத்தான் போட்டு வருவான். வந்ததா என்பான். இல்லை என்பேன். வேறெதுவும் அவன் எவரிடமும் பேசுவதில்லை என்று அவன் தாயார் சொன்னார். நேரம் தவறாமை அவனிடம் நான் வளர்த்த பண்பு.

இந்த ஆண்டுக்குரியது கண்ணம்மாவின் கடிதம். தந்தை துறைமுகத்தில் பாரந்தூக்கி இயந்திரம் மேலே விழுந்து இறந்தவர். தாய் ரோஸ்-மே கிழிந்த சர்க்கரைச் சாக்குகளைத் தைக்கிறாள். கண்ணம்மா ஸ்காட்லாந்தில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரிக்கு எழுதியிருந்தாள். அவளை ஏற்றுக்கொள்வதாகவும், படிப்புக்கும் தங்குவதற்கும் கல்லூரியே பொறுப்பு என்றும், செப்டம்பர் 5ஆம் நாளுக்குள் மறுமொழி வந்து சேர வேண்டும் என்றும் மே மாதம் கடிதம் வந்தது. வட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தவர்களுள் அவளே சிறந்தவள். நாற்பது பேர் கூச்சலிட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்தை அவள் ஒரு பென்சிலை மேசையில் தட்டி அடக்குவாள். அப்படிப்பட்டவளை அனுப்பிவிட முடியாது.

வியாழக்கிழமைகளில் அவளும் வருவாள். சேர்ஜைப் போல் நிற்க மாட்டாள், வேடிக்கை பேசுவாள். ஆகஸ்டு 13ஆம் நாள் வந்தபோது, “அந்த ஊர்க்காரங்களுக்கு இன்னும் எழுத வரலை போலிருக்கு, மாம்செல். நீங்க போய் ரெண்டு அடி போட்டுச் சொல்லிக்குடுங்க,” என்றாள். எங்களூரில் ஆசிரியையை மாம்செல் என்றுதான் அழைப்பார்கள். நான் சிரித்தேன்.

தாயும் ஒரு முறை மிளகாய் வடைப் பொட்டலத்துடன் வந்தாள். “அவளுக்குத் தகுதி இல்லைன்னா சொல்லிடுங்க, மாம்செல். நான் கோவிச்சுக்க மாட்டேன். காத்திருக்கிறதுதான் பிள்ளையைத் தின்னுது,” என்றாள். தகுதியை முடிவு செய்ய வேண்டியவர்கள் அங்கே இருப்பவர்கள் என்று விடையளித்தேன். இலக்கணப்படியும் அது சரியான விடை.

இனி 17ஆம் நாளுக்கு வருகிறேன். தட்டச்சர் இவெட் முத்திரைத் தாள் தேடி இழுப்பறையைத் திறந்திருக்கிறாள். நான் தேநீருடன் திரும்பியபோது ஆண்டு வரிசையில் அடுக்கியிருந்த உறைகள் அவள் மடியில் இருந்தன.

“மாம்செல், இதுல கண்ணம்மா பேரு இருக்கு.”

ஆம் என்றேன்.

“மே மாசமே வந்திருக்கு.”

ஆம் என்றேன்.

“போன வியாழக்கிழமைகூட வந்து கேட்டுட்டுப் போனாளே. வரலைன்னு நீங்க சொன்னதை நான் கேட்டேன்.”

மூன்றாம் முறையும் ஆம் என்றேன். உறைகளை அதே வரிசையில் திருப்பி வைக்கும்படி சொன்னேன். அவள் வைக்கவில்லை, தொலைபேசியை எடுத்துத் தன் சிற்றப்பனான தலைவரை அழைத்தாள்.

தலைவர் ரொழே ஆறுமுகம் வழக்கறிஞர். ஏழு வயதில் என் வகுப்பில் இருந்தவர். இன்றும் என்னைத் தாந்தின் என்பார், அத்தை என்ற உரிமையில். நகரசபைத் தேர்தலில் நிற்கப்போகிறார். நம் தாய்மொழியாம் தமிழைப் பள்ளிதோறும் கற்பிக்க வேண்டும் என்று சென்ற மாதம்தான் நகர மண்டபத்தில் பிரெஞ்சு மொழியில் முழங்கியிருந்தார். அன்று பிற்பகல் சிவந்த முகத்துடன் வந்து, எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். நான் குறிப்பேட்டைத் திறந்து 1954ஆம் ஆண்டுத் தீர்மானத்தைப் பிரெஞ்சில் பெயர்த்துச் சொன்னேன். அதன் கீழிருந்த கையெழுத்தைக் காட்டினேன். பிறகு 1955, 1956. அவர் உட்கார்ந்தார்.

“இதை வேற யாருக்காவது படிச்சுக் காட்டினீங்களா, தாந்தின்?”

“பொதுக்குழுவுக்கு. பதினொரு முறை.”

இன்னும் நாள் இருக்கிறதே, அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடலாமே என்றார். கொடுக்கலாம் என்றேன். உறையின் மேல் மே மாத முத்திரை இருக்கும், அவள் கேட்பாள். அவள் கேட்டால் மற்ற எட்டுப் பேரும் கேட்பார்கள். தீர்மானத்தை எல்லார் முன்பும் மொழிபெயர்க்க வேண்டிவரும். தமக்குத் தெரியாத மொழியில் தாம் எதற்குக் கையெழுத்திட்டார் என்பதைத் தலைவர் மேடையேறி விளக்க வேண்டிவரும். இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. நிகழப்போகும் வரிசையில் சொன்னேன்.

அவர் சன்னல் வழியே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கெட்டிக்காரி, இங்கேயே இருந்தாலும் மேலே வந்துவிடுவாள் என்றார். பத்து ஆண்டுகளாக நான் சொல்லிவருவது அதுதான் என்றேன்.

மறுநாள் இவெட் விடவில்லை. எல்லாம் விதிப்படிதான் என்று தலைவர் சொன்னதும், எந்த விதி, படித்துக் காட்டுங்கள் என்றாள். தலைவர் குறிப்பேட்டை விரித்து, ஒரு வரியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, பெற்றோர் கையெழுத்து வரும்வரை கடிதங்களைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று எழுதியிருப்பதாகக் கிரியோலில் வாசித்தார். கண்ணம்மாவின் தாய் இன்னும் கையெழுத்திடவில்லையாம். தாமே நேரில் போய் வாங்கி வருவதாகவும் சொன்னார். அவர் விரல் நின்றது நாற்காலிகளுக்கு வர்ணம் பூசுவது பற்றிய வரி. இவெட் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, சரி சித்தப்பா என்றாள். நான் எவரையும் திருத்தவில்லை. திருத்தாமல் விட்டது என் வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

21ஆம் நாள், வெள்ளிக்கிழமை, நான்கு மணிக்குச் செயற்குழு கூடியது. ஐவரும் வந்திருந்தனர். செயலாளர் தம் பணியைத் தொடர்வார் என்று முடிவாயிற்று. கண்ணம்மாவுக்கு நகர மண்டபத்தில் பதக்கம் அணிவித்து, இளந்தலைவர் வட்டத்தின் தலைவியாக அறிவிப்பது என்றும், சங்க அலுவலகத்திலேயே எழுத்தர் வேலை கொடுப்பது என்றும் முடிவாயிற்று. தெற்கே செமின் கிரனியேயில் புதிய கிளை தொடங்கி, இவெட்டை அங்கே மாற்றுவது என்றும் முடிவாயிற்று. ஸ்காட்லாந்துக்கு எழுதும் மறுமொழி தலைவரின் பார்வைக்குப் பின் அனுப்பப்பட வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். தலைவர் ஆங்கிலம் நன்றாக அறிந்தவர். கண்ணம்மாவின் எழுத்தில் நான் எழுதியிருந்ததை இரு முறை படித்தார். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை.

24ஆம் நாள், திங்கட்கிழமை, கண்ணம்மா வேலையில் சேர்ந்தாள். காலைத் தபாலில் சேர்க்க வேண்டிய ஆறு உறைகளை அவளிடம் கொடுத்தேன். முகவரிகளைத் தட்டச்சு செய்திருந்தேன். அவற்றுள் ஒன்றைக் கண்டு நின்றாள்.

“இது அந்தக் காலேஜுக்கு இல்ல, மாம்செல்? எனக்காகவா எழுதியிருக்கீங்க?”

உன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்றேன். அது உண்மை. நான் அவளிடம் ஒருபோதும் பொய் சொன்னதாக நினைவில்லை. அவள் குனிந்து என் கையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டு ஓடினாள்.

மற்ற ஐந்தையும் சாதாரணத் தபாலில் சேர்த்தாள். அதை மட்டும், வழியில் தொலைந்துவிடக் கூடாதென்று, தன் கைக்காசைப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தாள்.