குவளையைத் தூக்காத நேரம்

உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல்தான், ஆனாலும் குடிக்கலாம். நீங்கள் நிதானமாக எழுதிக்கொண்டே வாருங்கள். எனக்கு அவசரப்பட்டுப் பழக்கமில்லை.

அபனி மைத்ராவோடு இருபது வருஷத்துக்கு மேல் மேடை ஏறியிருக்கிறேன். என்னைவிட மூத்தவர், அதனால் எனக்கு அபனிதா, அபனி அண்ணன். சீட்டுக்கட்டு அவர் கையில், பேச்சு என் வாயில். மேடையில் அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். கிருஷ்ணநகரில் அவரை நிஜமாகவே ஊமை என்று நம்பியவர்கள் உண்டு. கூட்டத்தில் யாராவது ஒருவர் ஒரு சீட்டை உருவிக் கையெழுத்துப் போடுவார். அது எப்படியோ மேஜைமேல் கவிழ்த்து வைத்த மண் குவளைக்கு அடியில் போய்விடும். அதுவரைதான் அபனிதாவின் வித்தை. குவளையைத் தூக்காமல் ஜனங்களைத் தவிக்கவிடுவது என் வித்தை. தூக்கப்போவேன், நிறுத்துவேன். சீட்டை எடுத்த அம்மாளிடம் புருஷன் எப்படி என்று விசாரிப்பேன். சிரிப்பு அடங்குவதற்குள் குரலைத் தாழ்த்துவேன். முன்வரிசைக்காரர் நாற்காலி நுனிக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது. பின்னால் நிற்கிறவள் இடுப்புக் குழந்தையைத் தட்டிக்கொடுக்க மறந்துவிட்டால் மீதியும் முடிந்தது.

போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. வீட்டில்கூடச் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார். அதன்பின் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மேடையில் வலி வந்தால் மோதிரத்தால் மேஜையைத் தட்டுவார். நான் பேச்சை அங்கேயே வெட்டி, குவளையைத் தூக்கி, திரையை இழுக்கச் சொல்லவேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை திரைக்குப் பின்னால் அவர் கோட்டுப்பையில் இருக்கும்.

"என் உசிரு உன் வாயிலதான் இருக்குடா நிதாய்" என்று சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

துர்கா பூஜை முடிந்து பேட்டை சங்கத்தில் நடந்த விழாவுக்குப் போயிருந்தோம். உடை மாற்றும் அறையில் சங்கச் செயலாளர் பிகாஷ் நிம்கிப் பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டார். "ஏன் அபனிதா, எங்க பூஜை மேளத்தப் பதிவு பண்ணிக் குடுத்தேனே, சரியா வந்திருந்துச்சா? சிலிகுரி ஷோவுக்கு அது போதும்ல?"

எனக்குச் சிலிகுரியும் தெரியாது, மேளமும் தெரியாது. பிகாஷ் போனதும் என்ன விஷயம் என்று கேட்டேன்.

"மறைக்கணும்னு இல்லடா, சொல்லத்தான் இருந்தேன்." கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசினார். "இப்பல்லாம் யாரு அவ்ளோ நேரம் பேச்சு கேக்குறா? கவுத்தேனா, மேளம் அடிச்சுதா, தூக்குனேனா, போய்க்கிட்டே இருக்கணும்."

"அப்ப நான்?"

"நீ பண்றது இழுவை. மேளத்துக்கு ரயில் டிக்கெட்டும் எடுக்க வேணாம், மீன் வறுவலும் வாங்கித்தர வேணாம். கோவிச்சுக்காத, வா, கூட்டம் வந்தாச்சு."

துரோகம் பெரிய வார்த்தை. எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. உயிரை என் வாயில் வைத்த மனுஷர் அந்த வாயையே இழுவை என்றார். முகத்தில் பவுடரை ஒற்றிக்கொண்டு மேடை ஏறினேன்.

அன்று நன்றாகப் பேசினேன், யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். மிட்டாய்க்கடைக்காரர் மனைவி கையெழுத்துப் போட்ட சீட்டு குவளைக்குள் போயிருந்தது. புருஷனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது மோதிரம் தட்டியது. காதில் விழவில்லை என்று சொல்லமாட்டேன்.

"சீட்டுக்கு அவசரம் போல, கதவத் தட்டுது" என்றேன். கூடம் குலுங்கிச் சிரித்தது. மறுபடியும் தட்டினார். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. அதையும் கூட்டத்துக்குக் காட்டி, சீட்டு கனக்கிறது என்றேன். அப்போதுதான் அபனிதா மேடையில் முதல்முறையாகப் பேசினார்.

"தூக்குடா நிதாய்."

ஊமை பேசிவிட்டார் என்று கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அதற்குள் அவர் தலை மேஜைமேல் சாய்ந்துவிட்டது. மூன்றாம் வரிசையில் டாக்டர் சன்யால் எழுந்தார்.

"உக்காருங்க டாக்டர்பாபு. உங்கள மாதிரி ஆளுங்கள எழுப்பிப் பாக்கத்தான் இவரு இப்படிப் பண்றாரு" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்க, அசடு வழிந்தபடி உட்கார்ந்தார். அவர்மேல் தப்பில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். உட்காரவைத்தவன் நான்.

அதற்குப் பிறகும் பேசினேன். கோட்டுப்பையில் மாத்திரை இருப்பது நன்றாக நினைவிருந்தது. அவர் விரல்கள் அசைவது நின்ற பிறகுதான் குவளையைத் தூக்கினேன்.

அவரைத் தொடக்கூட இல்லை என்று சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கலாம். வேண்டாம், கொன்றேன் என்றே எழுதுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அன்று அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கடைசிவரை எனக்காகக் காத்திருந்தார்கள். பாதியில் போனவர் அபனிதா ஒருவர்தான்.