ஐந்தாவது கையெழுத்து

— வியாழக்கிழமை சாயங்காலம் லவோனுக்கு ஜெயில்ல விஷ ஊசி போட்டுக் கொன்னுடுவாங்க ஜட்ஜையா. இன்னைக்குத் திங்கள். நிறுத்தச் சொல்லிக் கவர்னருக்கு ரெண்டு வரி எழுதுங்கன்னுதானே கேக்கறேன்?

— பாரு ஓடெல், நான் பெஞ்சை விட்டு எறங்கிப் பதினோரு வருஷம் ஆச்சு. வாசல்ல இந்தப் பீக்கன் கொட்டை மரத்துக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுக் கெடக்கேன்.

— மரம் நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு அப்பீல்ல ஒம்பது ஜட்ஜுல நாலு பேர் வேணாம்னாங்க, அஞ்சு பேர் சாகட்டும்னீங்க. அஞ்சாவது கையெழுத்து உங்களுது.

— செத்தது உன் மக கார்லின். அவளைக் கொன்னவனுக்காகவா அந்த ஓட்டை வண்டியில நூறு மைல் வந்தே?

— அவன் கொல்லலை. சொல்லிட்டேன்.

— அவன் சிவப்பு டிரக் உன் கேட்டுல நின்னுச்சுன்னு கோர்ட்டுல கைநீட்டிச் சொன்னது யாரு?

— நான்தான். ஜெபக்கூட்டம் முடிஞ்சு வர்றப்போ பார்த்தேன். எங்க சர்ச்சுல ஜெபக்கூட்டம்னா புதன்கிழமை. அவ செத்ததும் புதன். ஆனா அந்த ஒரு வாரம் மட்டும், வெளியூர் பாஸ்டர் வந்தார்னு செவ்வாய்க்கு மாத்தியிருந்தாங்க. நான் பார்த்தது முந்தின நாள். பழைய நோட்டீஸைப் பார்த்தப்பறம்தான் என் மண்டையில ஏறுச்சு.

— முறைப்படி ஷெரீஃப்கிட்ட சொல்லியிருக்கணும், பாரு.

— அப்பவே சொன்னேன். துக்கத்துல குழம்பிட்டேன்னு முதுகுல தட்டி அனுப்பினான். அவனுக்கும் தேர்தல், உங்களுக்கும் தேர்தல். ஓட்டு வாங்கி ஜட்ஜாகுற ஊர்ல எவனை நம்புறது?

— ஜில்லா வக்கீல், ஜில்லா ஜட்ஜ், அப்புறம் மாநில உச்ச நீதிமன்றம். நாப்பது வருஷம் ஓடெல், ஒரு தேர்தல்லயும் தோத்ததில்லை. கோர்ட் கட்டடத்துக்கே என் பேரு வெச்சிருக்கான். இப்ப எழுதினா என் கேஸ் அத்தனையும் தோண்டுவான்.

— தோண்டட்டுமே. பொணம் எங்கேயும் ஓடிடாது. இவன் இன்னும் பொணமாகலை.

— சரி. புதுசா ஒரு விஷயம் தெரிய வந்துச்சுன்னு வேணா எழுதறேன்.

— அந்த மாதிரி காகிதம் கவர்னர் மேசையில கூடை கூடையாக் கெடக்கும். அதோட, இது என்ன புதுசு? நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாலயே இதையெல்லாம் எழுதி உங்க வீட்டுக்கு லெட்டர் போட்டேன். பென்சில்ல, கோணல் எழுத்துல.

— வெயில்ல நிக்காதே. உக்காரு.

— நிக்கறேன். லெட்டர் போட்ட மூணாம் நாள் உங்க ஆளுங்க கேமராவோட வந்தாங்க. இந்த அப்பனுக்கு நியாயம் வாங்கித் தர்ற ஜட்ஜுக்கு ஓட்டுப் போடுங்கன்னு டிவியில காட்ட. ஜட்ஜே படிச்சுட்டு உறுதியா இருக்காரே, நமக்குத்தான் புத்தி பிசகிடுச்சுன்னு நெனச்சேன். அவங்க காட்டின நாற்காலியில உக்காந்து அழுதேன். பதினாறு வருஷம் வாயைத் திறக்கலை. ஆயுசுல நான் நம்பின ஒரே ஆளு நீங்க. லெட்டர் உங்க கைக்கு வரவே இல்லைன்னு இப்பச் சொல்லுங்க, கும்பிட்டுட்டு வேற வாசலைப் பார்த்துப் போறேன்.

— வந்துச்சு ஓடெல். ரெண்டு தடவை படிச்சேன். நீ வேற யார்கிட்டயும் சொல்லிடக் கூடாதுன்னுதான் கேமராவை அனுப்பினேன்.