வெள்ளைக் காரின் மூச்சு

என் கையெழுத்து நன்றாக இருக்கும், மேடம். கல்லூரி ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் பாட்டில்களுக்கு லேபிள் எழுதிய கை இது. நான் சொல்லச் சொல்ல உங்கள் கான்ஸ்டபிள் எழுதினால் பாதி விஷயம் மாறிப்போகும். அதனால்தான் பேப்பரும் பேனாவும் கேட்டு வாங்கிக்கொண்டேன். நீங்கள் எதிர் மேசையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறீர்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றே கால். மூன்று மணிக்குள் முடித்துவிடுகிறேன். மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுவிடுவார்கள்.

என் பெயர் அச்சுதன். வயது ஐம்பத்தெட்டு, சேலையூரில் வீடு. இரும்புலியூர் தாண்டி ஜி.எஸ்.டி. சாலை ஓரம் ஒரு புங்க மரத்தடியில் புகைப் பரிசோதனைக் கடை வைத்திருக்கிறேன். பெட்ரோல் வண்டிகளுக்கு மட்டும். புகைக்குழாயில் ஒரு கம்பியைச் சொருகி, கம்ப்யூட்டர் காட்டுவதைச் சான்றிதழாக அச்சடித்துக் கொடுப்பது தொழில். நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்கு விளங்கிவிடும்.

கடை தொடங்கிய புதிதில் ஒழுங்காகத்தான் சோதித்தேன். ஒருநாள் ஒரு டிராவல்ஸ்காரரிடம், புகை அளவு மீறுகிறது, சான்றிதழ் தர முடியாது என்று சொன்னேன். அவர் திட்டக்கூட இல்லை. என் சட்டைக் காலரைப் பிடித்துக் குனியவைத்து, முகத்தைப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், வண்டியில் இருந்த டிரைவரிடம் ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். பத்து நொடி இருக்கும். அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் என்னுடைய வெள்ளைக் காரை மரத்தடியில் நிரந்தரமாக நிறுத்தினேன். நன்றாகப் பராமரித்த கார். அதன் இன்ஜினை ஓடவிட்டு, கம்பியை அதன் குழாயிலேயே வைத்துவிடுவேன். வருகிற வண்டியின் நம்பர் பிளேட்டைக் கேமரா படம் பிடிக்கும். அளவு வெள்ளைக் காருடையதாக இருக்கும். யாருக்கும் சண்டை இல்லை, யாருக்கும் தாமதம் இல்லை. தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை ஓடும் வண்டிகளில் பாதி என் காரின் மூச்சைக் கடன் வாங்கித்தான் ஓடின.

இதில் ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் எப்போதும் முழுசாக எரிவதில்லை. எரியாத மிச்சமும் கார்பன் மோனாக்சைடும் குழாய் வழியாக வரும். அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஆளைத் தூங்கவைத்து, தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். அதற்காகத்தான் குழாயின் நடுவே ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள். உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு கட்டி, அதன் மேல் பிளாட்டினப் பூச்சு. சூடானதும் மிச்சத்தையெல்லாம் அங்கேயே எரித்து, நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றி வெளியே அனுப்பிவிடும். பள்ளிப் புத்தகத்தில் வினையூக்கி என்று படித்திருப்பீர்கள். வேலையெல்லாம் செய்யும், தான் மட்டும் மாறாது. என்னையும் அப்படித்தான் நினைத்துக்கொள்வேன். நடக்கிற காரியம் சிக்கலில்லாமல் நடக்க உதவுவேன், என் கையில் ஒன்றும் ஒட்டாது.

ஏகநாதன் பள்ளி வேன் டிரைவர். வேன் அவருடையது இல்லை, முதலாளி வேறு. சிட்லபாக்கத்துப் பிள்ளைகள் ஒன்பது பேரைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மூன்று மணிக்குத் திரும்ப அழைத்து வருவார். நடுவில் இருக்கும் நேரத்துக்கு என் கடை மரத்தடிதான் அவருக்கு வீடு. போன டிசம்பரில் வண்டி இழுக்கவில்லை என்று வந்தார். அந்த டப்பா அடைத்துக்கொண்டிருந்தது. புதிது வாங்கித் தர முதலாளிக்கு மனசில்லை. இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. டப்பாவை அறுத்து, உள்ளே இருக்கும் தேன்கூட்டைக் கடப்பாரையால் குத்தி எடுத்துவிட்டு, வெறும் கூட்டைத் திரும்ப வெல்டிங் செய்து பற்றவைத்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் இருக்கிற மாதிரியே இருக்கும். அதை நானே செய்து கொடுத்தேன்.

"குதுர கணக்கா ஓடுது சார்" என்றார். சந்தோஷமாக இருந்தது. உடையாமல் வந்த ஒரு துண்டு தேன்கூட்டை வீட்டுக்கு எடுத்துப்போனேன். பூஜை அலமாரியில் சன்னமான ஊதுபத்தி செருகிவைக்க அது தோதாக இருக்கிறது. பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்ததைப் பார்த்தேன். அதற்கு நேர் மேலே வேனின் தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்ததையும் பார்த்தேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். ஏகநாதன் வேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"பசங்க ஏறனா அஞ்சு நிமிசத்துல சாஞ்சுடுதுங்க சார். மின்ன இன்னா கத்து கத்துவாங்க. நல்ல பசங்களா ஆய்ட்டாங்கன்னு நெனச்சுகினு இருந்தேன். நேத்து தமிழினிப் பொண்ணு எறங்கற எடம் வந்தும் எழுந்துக்கவே இல்ல. தூக்கிகினு போய் அவங்கம்மா கைல குடுத்தேன். டாக்டரு வெயிலுன்றாரு. எனக்கும் தல விண்ணு விண்ணுன்னு கீது."

"வெயில்தான் ஏகநாதன். எனக்கே தலை வலிக்குது" என்றேன்.

"ஒருவாட்டி நெசமா செக் பண்ணு சார். அந்த வெள்ள கார்ல இல்ல, என் வண்டில. தப்பா இருந்தா சொல்லிடு. நா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல போய் நின்னு, டப்பாவ எடுத்தது நாமதான்னு சொல்லிடறேன். என்னா வந்தாலும் வரட்டும். பசங்க சார்."

கம்பியை அவர் வேனின் குழாயில் சொருகினேன். இருக்க வேண்டிய அளவு அரை சதவீதத்துக்கும் கீழே. எண் இரண்டு, மூன்று என்று ஏறி, ஆறைத் தாண்டியும் நிற்கவில்லை. என் கால்கள் நடுங்கின. பிள்ளைகளை நினைத்து நடுங்கின என்று எழுதத்தான் ஆசையாக இருக்கிறது. ஆபீஸில் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாரே, அதற்குத்தான் நடுங்கின. நான்கு வருடச் சான்றிதழ்கள். அத்தனை வண்டிகளையும் திரும்பக் கூப்பிட்டுச் சோதிப்பார்கள். அத்தனை பேரும் என் சட்டைக் காலரைத் தேடி வருவார்கள்.

நிழலில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று அவரை அனுப்பினேன். கம்பியை உருவி வெள்ளைக் காருக்கு மாற்றினேன். அச்சடித்த தாளை நீட்டினேன்.

"பாருங்க, பாயிண்ட் ஒண்ணுதான். வண்டி சுத்தமா இருக்கு."

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இப்பத்தான் சார் உசுரே வந்துச்சு" என்றார். வெள்ளைக் காரைப் பற்றித் தெரிந்தவர்தான் அவர். அப்படியும் அரசாங்க முத்திரை போட்ட தாளைப் பார்த்ததும் நம்பிவிட்டார். நானே சில சமயம் நம்பியிருக்கிறேன். ஆனால் நாளைக்கும் பிள்ளைகள் சாய்ந்தால் அந்த நம்பிக்கை நிற்காது, நேராக ஆபீஸுக்குத்தான் போவார்.

ஒரு மணிக்குச் சாப்பிட்டார். இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை என்றார். இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டுக்கொண்டு வேனிலேயே படுங்கள், இரண்டே முக்காலுக்கு நான் எழுப்புகிறேன் என்றேன்.

"கண்ணாடிய கொஞ்சம் எறக்கிவுட்டே படுத்துக்கறேன் சார். ரெண்டு நாளா மூடனாலே பயமா கீது."

"ஏசிய போட்டுட்டுக் கண்ணாடிய திறந்து வச்சா என்ன பிரயோஜனம்?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனாலும் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியை நான்கு விரல் அளவுக்கு இறக்கிவிட்டுத்தான் சாய்ந்தார். சான்றிதழ் சட்டைப் பையில் இருந்தது.

ஒன்றரை மணிக்கு நான் எழுந்து போய்ப் பார்த்தேன். கதவை மெதுவாகத் திறந்து, கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றினேன். ஐந்து சுற்று. 'தூசி உள்ளே வரும் என்று ஏற்றினேன்' என்று எழுதி, பிறகு அதை அடித்திருக்கிறேன் பாருங்கள், மேடம். காற்றே இல்லாத நாள் அது, தூசி ஏது. அவர் கண் லேசாகத் திறந்தது.

"மணி ஆய்ச்சா சார்?"

"இன்னும் இல்ல. தூங்குங்க" என்றேன்.

சொன்னபடி இரண்டே முக்காலுக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். அவர் எழவில்லை. நான் போட்ட சத்தத்தில் டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கதவைத் திறந்து அவரை வெளியே கிடத்தியபோது, ஏசி கேஸ் லீக் ஆகியிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள். உங்கள் ஆள் ஒருவரும் அதையே எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஏசியில் இருக்கும் வாயு அப்படியெல்லாம் ஆளைக் கொல்லாது என்று எனக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனை முடிவு வர நாளாகும் என்றார்கள். அது வந்துவிடும் என்ற பயத்தில் நான்கு வாரம் வாசல் கேட் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஒன்று மட்டும் ஆறுதலாக இருந்தது. அன்றைக்கு ஏகநாதன் படுக்காமல் போயிருந்தால் மூன்று மணிக்கு ஒன்பது பிள்ளைகள் அந்த வேனில் ஏறியிருப்பார்கள். ஆள் செத்த வண்டியை இனி யாரும் தொட மாட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியது நான்தான். இதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று காலை பத்து மணிக்கு அந்த வேன் என் கடைக்கு வந்தது.

நம்பர் பிளேட்டை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எலியேசர் என்று ஒரு புது டிரைவர், இருபத்தைந்து வயதிருக்கும். முதலாளி ஏசியைப் புதிதாக மாற்றிவிட்டாராம். இனிமேல் ஒரு பொட்டு கேஸ்கூட உள்ளே வரக்கூடாது என்று கதவு ரப்பர், கண்ணாடி ரப்பர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டாராம். கண்ணாடியை ஏற்றினால் ஊசி நுழையாது என்று பெருமையாகக் காட்டினான். நான் குனிந்து அடியில் பார்த்தேன். டப்பாவை யாரும் தொடவில்லை. விரிசல் இப்போது விரல் நுழையும் அளவுக்கு இருக்கிறது.

"பசங்க செம அமைதி சார்" என்றான். "ஏறனதும் தூங்கிடுதுங்க. எனக்கு வேலயே இல்ல."

பின் சீட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் கிடந்தது. அதில் லேபிள் ஒட்டி, பெரிய பெரிய எழுத்தில் தமிழினி, இரண்டாம் வகுப்பு என்று எழுதியிருந்தது. வண்டியை எடுக்காதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏன் என்று கேட்பான். அதற்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி வரும். கம்பி என் கையில் இருந்தது. கை அதுவாகவே வெள்ளைக் காரிடம் போனது. பாயிண்ட் ஒன்று. தாளை வாங்கி முன் கண்ணாடியில் செருகிக்கொண்டு எலியேசர் போய்விட்டான்.

அதற்குமேல் என்னால் பயத்தைத் தாங்க முடியவில்லை. கடையைச் சாத்திவிட்டு இங்கே வந்தேன். நடந்துதான் வந்தேன். வழியில் ஒரு டீ குடித்தேன். பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு ஒரு பொறுப்பு இருக்கிறதல்லவா.

ஏகநாதனைக் கொன்றது நான்தான். சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதை எழுதுகிறேன். இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "இன்னும் எவ்ளோ சார் இருக்கு? வாயாலயே சொல்லிடலாமே" என்றீர்கள். சொல்லியிருக்கலாம். வாயால் சொன்னால் கடைசியில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டியிருக்கும்; நீங்கள் பாதியில் எழுந்து ஓடிவிடுவீர்கள், என் பக்கம் என்னவென்று யாருக்கும் தெரியாமல் போகும். வேனின் நம்பரையும் பள்ளியின் பெயரையும் இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

மணி மூன்றாகப் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. எலியேசர் பள்ளி வாசலில் கண்ணாடியை ஏற்றி, பிள்ளைகளுக்காக ஏசியைப் போட்டுக் குளிரவைத்துக்கொண்டிருப்பான். அவசரமாக எழுதியதில் பிழைகள் இருக்கும், மேடம். முதலிலிருந்து ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்.