மிச்சப் பாதி

— பத்தாயிரமோ? நான் ஆள் விட்டுக் கேட்டது மூண்டு லட்சம், ஸ்ரெல்லா.

— தெரியும், பத்மாசினியக்கா. இண்டைக்கு இவ்வளவுதான் ஏலுமாய்க் கிடந்தது. இனி மாதம் மாதம் கொண்டுவந்து தருவன்.

— முந்தி கிழமையிலை ரெண்டு தரம் மீன்பெட்டியோடை இந்தப் படலையிலை வந்து கூப்பிடுவாய். காசு வாங்கின நாள் தொட்டு ஆளில்லை. நாலு வருசம். எங்கடை ஒழுங்கைக்கு வராமல் கோப்பாய்ப் பக்கத்தாலை சுத்திப் போறாயாம் எண்டு சனம் சொல்லிச்சுது.

— ஓம். சுத்தித்தான் போனனான்.

— வெக்கமில்லாமல் ஓமெண்டுறாய்.

— வெக்கத்திலைதான் சுத்திப் போனனான், அக்கா. இப்ப அதுவும் இல்லை. ஒண்டும் இல்லை.

— சரி, இரு. கதிரையை உங்காலை இழுத்துப் போட்டிட்டு இரு. விடியத் தொடக்கம் ஒரே புழுக்கம். பையுக்குள்ளை என்ன?

— விளைமீன். கோகுலனுக்கு விருப்பமெல்லோ. வெறுங்கையோடை வர மனமில்லை.

— கோகுலன் இங்கை இல்லை.

— வேலைக்குப் போட்டாரோ?

— கேட்டியே, நான் உன்னைச் சண்டைக்குக் கூப்பிடேல்லை. கோகுலனை வெளிநாட்டுக்கு விட்டிட்டம். கண்ணூறு படுமெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. காலமை போன் எடுத்தவன். அம்மா வந்திட்டன், மிச்சக் காசைக் குடுங்கோ எண்டவன். இவர் மானிப்பாய்க்குப் போட்டார், பாங்கிலை கிடக்கிறதை எடுக்க. பின்னேரத்துக்கிடையிலை ஏஜென்சிக்காரன்ரை ஆளிட்டைக் குடுக்கவேணும். மூண்டு லட்சம் குறையுது. அதுதான் உன்னட்டை ஆள் விட்டனான்.

— என்ன மாதிரிப் போனவர்?

— உங்கடை பிரகாஸ் போன மாதிரித்தான். வெளிக்கிட முதல் பாதிக் காசு. ஆள் போய் இறங்கி, வந்திட்டன் எண்டு தன்ரை வாயாலை சொன்னாப் பிறகு மிச்சப் பாதி. அது நல்ல முறைதானே. பிள்ளையின்ரை குரலைக் கேட்டிட்டுக் குடுக்கிறம்.

— பிரகாஸ் போன மாதிரி.

— ஓம். இவர் முதலிலை விடமாட்டன் எண்டுதான் நிண்டவர். கடலாலை கொண்டுபோவாங்களாம், பயமாம். நான்தான் சொன்னனான், ஸ்ரெல்லான்ரை பெடியன் சுகமாய்ப் போய்ச் சேர்ந்து பிரான்சிலை வேலை செய்யிறானெல்லோ, அவனுக்கு என்ன நடந்தது எண்டு. அதுக்குப் பிறகுதான் ஓமெண்டவர்.

— நான் சொன்னதைக் கேட்டோ விட்டனீங்கள்?

— வேறை ஆரின்ரை கதையைக் கேக்கிறது? அதை விடு. பிரகாசிட்டைச் சொல்லு. அங்கை நிக்கிறவனுக்கு மூண்டு லட்சம் ஒரு காசே? நம்பரைத் தா, நானே கதைக்கிறன்.

— நம்பர் இல்லை, அக்கா.

— பெத்த தாயிட்டை மகன்ரை நம்பர் இல்லையோ?

— பழைய நம்பர் ஒண்டு கிடக்கு. எடுத்தால் மணி அடிக்காது.

— அங்கை ஆரையும் கட்டிக்கொண்டு உங்களை மறந்திட்டானோ?

— அக்கா, அந்தக் காசைக் குடாதேங்கோ.

— எந்தக் காசை?

— கோகுலன்ரை மிச்சப் பாதியை. நடராசா அண்ணை பாங்கிலைதானே நிக்கிறார், அவருக்குப் போன் எடுத்து, இப்ப குடுக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

— ஓகோ, உதுதான் விசயம். எங்கடை கடனைத் தாறதுக்கு வழியில்லை, அதுக்கு என்னையும் ஒருத்தருக்கும் குடுக்கவேண்டாமாம். ஸ்ரெல்லா, மகள் நிவேதனாவுக்குச் செய்து வைச்ச காப்பை அடைவு வைச்சுத்தான் உனக்குக் காசு தந்தனான். நீ தரேல்லை, நானும் மீக்கேல்லை, காப்பு ஏலத்திலை போட்டுது. என்ரை பிள்ளை கவரிங் காப்போடை மணவறையிலை இருந்தவள். அண்டைக்குக்கூட நான் உன்னை ஒரு சொல் கேக்கேல்லை.

— கேட்டிருக்கலாம்.

— கேட்டிருந்தால்?

— சொல்லியிருப்பன் போலை. தெரியேல்லை.

— என்னத்தை?

— அண்டைக்கு உங்கடை காலைப் பிடிச்சு வாங்கினது பிரகாசின்ரை மிச்சப் பாதி. அவனும் போன் எடுத்தவன். அம்மா வந்திட்டன், மிச்சக் காசைக் குடுங்கோ எண்டவன். குடுத்தம். அதுக்குப் பிறகு அவன்ரை குரலை நாங்கள் கேக்கேல்லை.

— நாலு வருசமாயோ?

— ஓம்.

— ஞாயிற்றுக்கிழமையிலை கதைக்கிறவன், சரியான குளிராம், விசா இன்னும் கிடைக்கேல்லையாம் எண்டு சந்தையிலை நீதானே சொல்லித் திரிஞ்சனி.

— பொய், அக்கா.

— எல்லாமோ?

— எல்லாம். முதல் கடன்காரருக்காண்டிச் சொன்னனான். அவன் அனுப்புவான், பொறுங்கோ எண்டு. பிறகு சொல்லச் சொல்ல, அவன் உண்மையாய் எங்கையோ குளிருக்குள்ளை நிக்கிற மாதிரிக் கிடந்தது. நான் மீன் வித்துக் கடன் கட்டத் தொடங்கினால் அவன் இல்லையெண்டு ஆகிப்போகும். அதாலை ஒருத்தருக்கும் ஒரு சதமும் குடுக்கேல்லை. இப்ப தந்ததுதான் முதல் காசு.

— இப்ப மட்டும் ஏன் தந்தனி?

— பாசையூர்ப் பெடியன் ஒருத்தன், பிரகாசோடை ஒரே போட்டிலை ஏறினவன், போற வழியிலை பிடிபட்டு மறியலிலை கிடந்திட்டுப் போன மாதம்தான் திரும்பி வந்தவன். வீட்டை வந்து சொன்னவன். வந்திட்டன் எண்டு சொன்னால்தான் போட்டிலை ஏத்துவம் எண்டு கரையிலை வைச்சே போனைக் குடுத்துச் சொல்ல வைச்சவங்களாம். இங்கை காசு கைமாறினாப் பிறகுதான் ஏத்தினது. அதுக்குப் பிறகு ஆள் இருந்தாலென்ன, செத்தாலென்ன அவங்களுக்கு. போட் கவிண்டு போச்சாம். பிரகாஸ் நீந்தினவனாம். பிறகு காணேல்லையாம்.

— ஐயோ பிள்ளை. நீ அழாமல் இருந்து சொல்லுறாய்.

— வருகுதில்லை, அக்கா. மனுசன் முகட்டைப் பாத்தபடி படுத்துக் கிடக்கிறார். நான் விடிய எழும்பிப் போய் மீன் எடுக்கிறன், விக்கிறன், வந்து சமைக்கிறன். ஒண்டும் தெரியுதில்லை. ஆருக்கு முதல் குடுக்கவேணும் எண்டு மட்டும் யோசிச்சன். உங்கடை முகம்தான் வந்தது.

— கேட்டியே, உங்கடை பிள்ளைக்கு நடந்தது பெரிய அநியாயம்தான். ஆனால் கோகுலன் போனது வேறை ஆளாலை. அவன் ஒரு வீட்டிலை, அறைக்குள்ளை இருக்கிறானாம். சாப்பிட்டிட்டானாம். அவன் எனக்குப் பொய் சொல்லமாட்டான்.

— பிரகாசும் சாப்பிட்டிட்டன் எண்டுதான் சொன்னவன்.

— வாயை மூடு, ஸ்ரெல்லா.

— சரி. ஒண்டு மட்டும் கேக்கிறன். அவர் கதைக்கேக்கை பின்னாலை ஏதும் சத்தம் கேட்டதோ?

— போனெண்டால் இரைச்சல் இருக்கும்தானே.

— என்ன மாதிரி இரைச்சல்?

— இரைச்சல்தான். நான் தோட்டத்துக்குள்ளை நிண்டு கதைச்சனான். வாழையிலையள் காத்துக்கு அடிக்கிற சத்தம். ஏன் கேக்கிறாய்?

— எனக்கும் கேட்டது. அறைக்குள்ளை இருக்கிறன் எண்டு அவன் சொல்லுறான், என்ரை காதுக்குள்ளை கடல் இரையுது. எங்கடை பின்வேலியோடை கடல். அப்ப சோளகக் காத்து நேரம் வேறை. எங்கடை குருநகர்க் கடல்தான் கேக்குதெண்டு நினைச்சுக்கொண்டு, காசுக்கு உங்களிட்டை ஓடி வந்தனான். பிறந்த நாள் தொட்டுக் கடற்கரையிலை கிடக்கிறவள் நான். எந்தக் கடல் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு. அதைத்தான் என்னாலை தாங்க ஏலாமல் கிடக்கு.

— வாழையிலைதான், ஸ்ரெல்லா.

— அப்பிடியெண்டால் நல்லது, அக்கா.

— வாழையிலைதான் அடிச்சது. நான் தோட்டத்துக்குள்ளைதானே நிண்டனான்.

— ஓம்.

— உந்த யன்னலிலை என்ரை போன் கிடக்கு, எடு. நீயே இவருக்கு அடி. குடுக்கவேண்டாம் எண்டு சொல்லு.

— என்ன, அக்கா?

— விடியத் தொடக்கம் இங்கை காத்தில்லை. ஒரு இலையும் அசையேல்லை.