பொன்னைக் களைந்து வெள்ளை உடுத்தியவர்

சபைக்குத் தலைமை தாங்கும் முசே அலெக்சாண்டர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பாயில் அமர்ந்து, மல்லிகை மணத்தோடு என் பேச்சையும் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே! உங்களுக்கு முன்னால் வந்து இடம் பிடித்துவிட்ட கடற்காற்றே! எல்லோருக்கும் என் வணக்கம்.

மாதா திருநாளுக்குச் சாமியாருக்குப் புதுப் பூசை உடுப்பு தைக்கப் போகிறோம். ஊர்ப் பெண்கள் தங்கள் கலியாணப் பட்டுகளைத் தருகிறார்கள். தையற்காரர் பலராமன் நாளைக் காலை கத்தரி எடுக்கிறார். ஆகையால் யூதர்களின் பழைய குருவுடைகளைப் பற்றிப் பேசு என்றார் தலைவர். பேசத்தான் வந்தேன். ஆனால் ஒரு பட்டு என் மனத்தைப் பிடித்து இழுக்கிறது.

கண்ணை மூடுங்கள். தூங்கிவிடாதீர்கள், அருளானந்தம் அண்ணே!

அதோ, ஜெருசலேம் ஆலயம். தூபம் மிதக்கிறது. தலைமைக் குரு வருகிறார். விடியுமுன் நம் கடல் கொள்ளும் நீலம், அவர் அங்கி. அதன் ஓரமெல்லாம் பொன்மணிகள். நடந்தால் ஒலிக்கும், நின்றால் ஓயும். மணிக்கும் மணிக்கும் நடுவே நூலால் ஆன மாதுளங்கனி. மார்பிலே பன்னிரண்டு கற்கள், கல்லுக்கு ஒரு குலத்தின் பெயர். ஏன் மார்பிலே? மக்களை நெஞ்சில் சுமக்காதவன் கடவுள் முன் எப்படி நிற்பான்? சிரிக்கும் குலமும் அங்கே உண்டு, அழும் குலமும் அங்கே உண்டு.

இன்னும் கேளுங்கள். ஆண்டில் ஒரே நாள், பாவப் பரிகார நாள். திரைக்குள்ளே, மகா பரிசுத்த இடத்துக்குள்ளே அவர் போக வேண்டும். அன்று பொன் உடுத்துவாரா? இல்லை. மணி ஒலிக்குமா? இல்லை. எல்லாவற்றையும் களைந்து, குளித்து, வெறும் வெள்ளை நூலாடை உடுத்துவார்! பொற்கன்று செய்து கும்பிட்டுக் கெட்ட மக்களுக்காக மன்றாடப் போகிறவன் பொன்னோடு போகலாமா என்று யூதப் பெரியோர் பொருள் சொன்னார்கள். சத்தமில்லாமல் வெள்ளை மட்டும் திரைக்குள் நுழைகிறது.

நம் ஊரில் வெள்ளை உடுத்துவது யார்?

அதோ, தூணோரம் இருக்கும் லூர்துசெல்வி. அவள் புருஷன் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இறந்தான். அவளும் தன் கலியாணப் பட்டைக் கொண்டுவந்தாள். "தாலியறுத்தவ பொடவைய பீடத்துல ஏத்தறதா? எடுத்துக்கினு போ" என்றார்கள், பட்டு வாங்கும் அம்மாமார்கள். அவள் சண்டை போடவில்லை. "இனிமே நான் கட்டப்போறதில்ல. பூசைக்காவது ஆவட்டும்னு கொண்டாந்தேன்" என்றாள், மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

தாய்மார்களே, இது எந்த வேதம்? நாம் கும்பிடும் மாதாவே சூசையப்பரை இழந்த கைம்பெண் அல்லவா? பொன் நுழையாத இடத்தில் வெள்ளை நுழைந்தது. அந்த வெள்ளையை உடுத்தியவளை நாம் வாசலோடு திருப்பினோம்! கோபம் வருகிறது எனக்கு, சொல்லிவிட்டேன்.

யாரங்கே, "பேசறது சுலபம்" என்பது? சுலபம்தான் ஐயா, அதனால்தான் நான் பேசுகிறேன்! செய்ய வேண்டியவர்கள் நீங்கள். நாளைக்குக் கத்தரி விழுந்துவிட்டால் வேளை போய்விடும்.

எழுந்திருப்பது யார்? அந்தோணிமேரி அம்மாளா? பட்டைத் திருப்பிக் கொடுத்தவரே அவர்தானே! கூட்டத்தைத் தாண்டித் தூணோரம் போகிறார். லூர்துசெல்வியின் கையைப் பிடிக்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா, எல்லோரும் கேட்கட்டும்!

"வாடி, உன் வூட்டுக்குப் போவலாம். பொடவைய நானே தூக்கியாறேன்."

பலராமன், கேட்டீரா? மார்புப் பக்கத்துக்கு அந்தப் பட்டு! இதற்குமேல் எனக்குப் பேச்சு எதற்கு? இடம் கொடுத்த தலைவருக்கும், காது கொடுத்த உங்களுக்கும் நன்றி. தூணோரம் வெள்ளை உடுத்தி நிற்கும் தங்கைக்கு என் கடைசி வணக்கம்.