சொல்லாமல் விட்டாரா குறைசொல்லி?

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, விசாரணைக் குழுவின் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்த பெரியோர்களே, மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும் மருந்தகப் பொறுப்பாளர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அவருடைய அருமை மகளே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் என் அலுவலகத் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நம்மை விட்டுப் பிரிந்த முதன்மை நிரலாளர், இந்த நிறுவனமே 'குறைசொல்லி' என்று செல்லமாக அழைத்த மாமனிதர், அவரைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வந்திருக்கிறேன். நான் சோதனைப் பிரிவில் இருப்பவன். அடுத்தவர் எழுதிய நிரலை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் இரங்கல் கூட்டத்திலும் என்னால் சந்தேகப்படாமல் உட்கார முடியவில்லை. மன்னிக்க வேண்டும். மன்னிக்க மனமில்லாதவர்கள் கேட்டுக்கொண்டாவது இருக்க வேண்டும்.

என் முதல் சந்தேகம் முதுகுக்குப் பின்னால் தொங்கும் இந்தப் பதாகை. 'அமைதியாய் உழைத்த உத்தமர்' என்று போட்டிருக்கிறது. உத்தமர், சரி. அமைதி எங்கிருந்து வந்தது? லிஃப்ட் தரைக்கு அரை விரல் கீழே நின்றால்கூட, எந்த மாடியில், எவ்வளவு தாழ்வாக, எங்கே நின்றிருக்க வேண்டும் என்று புகார் கொடுத்த மனிதரய்யா அவர். அவரை அமைதியானவர் ஆக்குவதில் யாருக்கு இவ்வளவு ஆசை?

இரண்டாவது சந்தேகம் இதைவிடப் பெரியது. எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். மூவரும் அழகாகப் பேசினார்கள். மூவரும், 'கடைசிக் காலத்தில் உடல்நலக் குறைவு அவருடைய கவனத்தைச் சிதறடித்துவிட்டது' என்று ஒரு வாக்கியம் சொன்னார்கள். வருத்தத்தில் மூன்று பேருக்கு ஒரே எண்ணம் வரலாம். ஒரே வாக்கியம் வருமா? எங்கள் தொழிலில் ஒரே செய்தி மூன்று திரையில் வந்தால் மூன்று இடத்தில் போய்த் தேட மாட்டோம். அது கிளம்பிய ஒரே இடத்தைத் தேடுவோம். நானும் தேடினேன். அதைச் சொல்வதற்கு முன், அவர் என்ன வேலை செய்தார் என்பதை அவருடைய உறவினர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அவருடைய மனைவி, நம் அண்ணி, ஒருமுறை என்னிடம் சொன்னார்கள்: "கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து என்னமோ தட்டுவாரு. திடீர்னு, 'உன்னை யாரு ஊகிக்கச் சொன்னா'ன்னு அதையே திட்டுவாரு. எனக்கு ஒண்ணும் புரியாது." புரிய வைக்கிறேன் அண்ணி. நாங்கள் செய்வதற்குப் பெயர் பார்சர் ஜெனரேட்டர். ஒரு படிவம் எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகளை அதனிடம் கொடுத்தால், அந்தப் படிவத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு நிரலை அது எழுதிக் கொடுத்துவிடும். அதை நாங்கள் படிப்பான் என்போம். அப்படி ஒரு படிப்பான் மருத்துவமனையில் வேலை பார்க்கிறது. மருத்துவர் தட்டுகிற மருந்துச் சீட்டைப் படித்து, யாருக்கு எந்த மருந்து எவ்வளவு என்று மருந்தகத்துக்குச் சொல்கிறது.

இதில் மூளை வேலை எல்லாம் நடுப்பகுதியில். பெயர் வாங்க நினைத்தவர்கள் எல்லோரும் அங்கே போய் உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் தொடாமல் கிடந்தவை இரண்டு: நிரல் எப்படிக் கண்விழிக்க வேண்டும் என்பது ஒன்று, தவறு கண்டால் அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் அவர் எடுத்துக்கொண்டார். வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார்.

பழைய படிப்பானுக்குத் தெரிந்தது ஒரே வார்த்தைதான். 'பிழை' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். இதோ இருக்கிறாரே, மருந்தகப் பொறுப்பாளர் அம்மா, அவர்தான் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், உங்க மெஷின் பிழைங்குது. யாரு பிழை, எங்க பிழைன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்குது. இங்க சனம் வரிசையில நிக்குது." நம் குறைசொல்லி நேரே மருந்தகத்துக்குப் போய், மருந்துப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வருகிற சீட்டையும் நிற்கிற மனிதர்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பி வந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினார். எந்த வரி, அங்கே என்ன இருக்கிறது, என்ன இருந்திருக்க வேண்டும், இந்த மூன்றும் இல்லாத செய்தி வெளியே போகக் கூடாது. முதல் தவறோடு நிற்கவும் கூடாது. அதைத் தாண்டிப் போய் மிச்சத் தவறுகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டேன். "ஒரு தப்பைத் திருத்திட்டு வந்தவரை அடுத்த தப்புக்கு மறுபடி வரிசையில நிக்க வைப்பியா? உன் அப்பாவா இருந்தா வைப்பியா?" என்றார். படிக்க முடியாத சீட்டை ஊகித்துப் படிக்கக் கூடாது, தூக்கி எறியவும் கூடாது, ஒதுக்கி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். அவர் போட்ட விதி அது.

கண்விழிக்கிற வேலையை இன்னும் கடுமையாகச் செய்தார். தினமும் காலையில் படிப்பானை இயக்கியதும், அது தனக்குத் தானே ஒரு தப்பான சீட்டைக் கொடுத்துப் பார்க்கும். வேண்டுமென்றே கெடுத்து வைத்த சீட்டு. அதைக் கண்டு சரியாகப் புகார் சொன்னால்தான் வேலையைத் தொடங்கும். சொல்லாவிட்டால் தொடங்கவே தொடங்காது. "குறை சொல்ல மறந்துட்டா நல்ல சீட்டைப் படிக்கிற தகுதியும் போச்சு" என்பார். அதனால் மருத்துவமனைக் கூடத்துப் பெரிய திரையில் தினமும் காலை ஒரு சிவப்பு வரி ஓடும். பார்க்கிறவர்கள் பதறுவார்கள். மருந்தகத்து அம்மா மட்டும், "முழிச்சிடுச்சு, வேலையைப் பாருங்க" என்பார்.

அவர் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் போனார். திரும்பி வரவில்லை. அவர் விடுப்பில் இருந்த நாட்களில் மருத்துவமனை தன் சீட்டில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தது. இதயத்துக்கு மருந்து சாப்பிடும் ஒரு பெரியவரின் சீட்டுதான் முதன்முதலில் அந்தப் புதிய வடிவில் வந்தது. மருந்தகத்துக்கு எதுவும் போகவில்லை. யாருக்கும் எந்தச் செய்தியும் வரவில்லை. பெரியவருக்கு மருந்து கிடைக்காமல் மூச்சு முட்டியது. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அம்மா ஒவ்வொரு சீட்டையும் ஆள் வைத்துக் கண்ணால் சரிபார்க்கிறார்.

விசாரணை நடந்தது. 'பிழையை அறிவிக்கும் பகுதியை எழுதியவரின் கவனக்குறைவு' என்று அறிக்கை வந்தது. எழுதியவர் அதற்குள் இறந்துவிட்டார். எவ்வளவு வசதி பாருங்கள். அறிக்கையின் கடைசிப் பத்தியில் அந்த வாக்கியம் இருக்கிறது, உடல்நலக் குறைவு, கவனச் சிதறல். மூன்று பேச்சும் கிளம்பிய இடம் அதுதான்.

எனக்குத் தூக்கம் போனது. கெட்ட சீட்டுக்குப் புகார் சொல்லாவிட்டால் படிப்பான் தொடங்கவே தொடங்காது. ஆனால் அது தினமும் தொடங்கியிருக்கிறது. அப்படியென்றால் காலையில் புகார் சொல்லத் தெரிந்த நிரல், அதற்கப்புறம் எப்படி ஊமையானது? தானாக ஆகுமா? இயக்கும்போது ஓடுகிற தொடக்கக் கோப்பைத் திறந்து பார்த்தேன். காலைச் சோதனை முடிந்த மறுகணம், எல்லாப் பிழைச் செய்தியையும் எங்கும் போகாத குழியில் தள்ளும்படி ஒரு வரி. அதை எழுதியவர் அவர் இல்லை. அவர் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த நாளில் சேர்ந்த வரி அது.

அந்தக் கோப்பைக் கையாளும் சர்வர் அறைக்காரரிடம் கேட்டேன்.

"நான்தான் போட்டேன் சார். ஆனா நானா போடலை. மேல இருந்து சொன்னாங்க."

"மேலன்னா யாரு?"

"மேலதான் சார்."

சர்வர் அறை இருப்பது நம் கட்டடத்தின் கடைசி மாடியில். அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டி. தண்ணீர்த் தொட்டி உத்தரவு போடாது என்று நினைக்கிறேன்.

"வெளியூர்ல இருந்து நம்ம படிப்பானை வாங்குறவங்க ஆஸ்பத்திரிக்குப் பாக்க வர்றாங்க, அந்த நேரத்துல திரையில பிழைச் செய்தி சிவப்பா ஓடினா அசிங்கம், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வாயைக் கட்டுன்னாங்க. அப்புறம் அவுக்கச் சொல்லி யாரும் சொல்லலை" என்றார்.

மறந்திருக்கலாம். மறதியை நான் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் பெரியவருக்கு மூச்சு முட்டிய அன்று அந்த வரி நினைவுக்கு வந்திருக்குமே? நினைவு வந்த பிறகுதானே அறிக்கை எழுதப்பட்டது? வாயைக் கட்டியவர்கள், 'இவர் பேசவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதற்கு என்ன பெயர்?

இயக்குநர் அவர்கள் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். முடித்துவிடுகிறேன் ஐயா. கொஞ்சம் வேண்டுமென்றேதான் நீட்டினேன்.

அண்ணி நேற்று என்னிடம் கேட்டார்கள். "உப்பு ஒரு கல்லு கூடினாக்கூடச் சொல்ற மனுஷன். உசுரு போற விஷயத்தை எப்படித் தம்பி சொல்லாம விட்டாரு?" வெறும் ஆறுதல் வார்த்தையை அண்ணி நம்ப வேண்டாம் என்று நினைத்தேன்.

ஆகவே அந்த வரியை எடுக்க இந்த மாலை நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். சர்வர் அறைக்காரரே தன் கையால் அந்த வரியை எடுத்துவிட்டார். அம்மாவுக்குத் தெரியும், அவருடைய ஆட்கள் இந்த நேரத்துக்குச் சீட்டுகளைத் தாங்களே படித்துக்கொண்டிருக்கிறார்கள். படிப்பானை நிறுத்தி மறுபடி இயக்கியிருக்கிறார்கள். விழித்ததும் முதலில் கெட்ட சீட்டைப் பார்க்கும். பிறகு, இத்தனை நாள் ஒதுக்கி வைத்த சீட்டு ஒவ்வொன்றுக்கும் மறுபடி குரல் கொடுக்கும். பொறுப்பில் இருப்பவர்களின் கைபேசிக்கும் அது வர வேண்டும் என்று அன்றே ஏற்பாடு செய்ததும் நம் குறைசொல்லிதான். அதற்கு அன்று ஒப்புதல் கொடுத்தவர் இயக்குநர் அவர்கள்.

அவர் விட்ட பணியை நாங்கள் தொடர்வோம் என்று சுவரோரம் நிற்கும் என் தோழர்கள் சார்பில் உறுதி கூறுகிறேன். இனி யார் விருந்தாளியாக வந்தாலும் திரையில் சிவப்பு வரி ஓடும். அதை மறைக்கச் சொல்கிறவர் எழுத்தில் கொடுக்க வேண்டும், என் மேசையில் வந்து கொடுக்க வேண்டும்.

இயக்குநர் அவர்களே, உங்கள் சட்டைப் பையில் கைபேசி அதிர்கிறது. குழுத் தலைவருடையதும் அதிர்கிறது. எடுத்துப் பாருங்கள். தயக்கமாக இருந்தால் விடுங்கள், எனக்கும் வந்துவிட்டது, நானே படிக்கிறேன்.

'மருந்துச் சீட்டு, நான்காம் வரி. இங்கே மருந்தின் அளவு இருக்க வேண்டும். எனக்குத் தெரியாத புதிய கட்டம் ஒன்று இருக்கிறது. ஊகிக்கவில்லை. சீட்டை ஒதுக்கி வைத்திருக்கிறேன். நோயாளிக்கு மருந்து போகவில்லை. உடனே ஆள் பார்க்கவும். இதைச் சீட்டு வந்த அன்று காலையிலேயே அறிவித்தேன். பதில் இல்லை. மறுபடி அறிவிக்கிறேன்.'

அது அந்தப் பெரியவரின் சீட்டு.

அண்ணி, அவர் சொல்லியிருக்கிறார்.